கடைசி முட்டை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்களில் பலர் நாயோடு சேர்த்து ஒரு ஜோடி வாத்தும் வளர்க்கிறார்கள். வயலில் மந்தையாக மேயும் சின்ன வாத்து அல்ல. கழுத்து நீண்ட, ஆளைக் கண்டால் எதிர்த்து வருகிற பெரிய வாத்து. சந்தையில் கூஸ் வாத்து என்று கேட்டால்தான் தருவார்கள். பாம்பு அண்டாது என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். பாம்பைப் பிடித்துத் தின்கிற பறவை அல்ல அது. ஆனால் புதிதாக எது அசைந்தாலும், கேட்டுக்கு வெளியே தபால்காரர் வண்டியை நிறுத்தினாலும், தோப்பே அதிரக் கத்தும். அந்தக் கத்தலுக்குத்தான் அதற்குத் தீனி.

பெரியம்மாவின் தோப்பிலும் அப்படி ஒரு ஜோடி உண்டு. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது பெட்டை முட்டையிடும். தென்னை மட்டை அடுக்கிய மூலையில் சருகைக் கூட்டி, தன் நெஞ்சுத் தூவியையே பிய்த்துப் போட்டு உட்கார்ந்தால் அவ்வளவு லேசில் எழுந்திருக்காது. கோழிக்கு 21 நாள் அடை என்றால் இதற்கு ஏறக்குறைய 30 நாள். அத்தனை நாளும் ஆண் வாத்து பக்கத்திலேயே காவல் நிற்கும். சோறு போடுகிற பெரியம்மாகூட அந்த மூலைக்குப் போவதென்றால் கையில் முறத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் போவார்.

போன தை மாதம் அது குஞ்சு பொரித்தபோது நான் அங்கே இருந்தேன். ஏழெட்டுக் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. ஒரு முட்டை மட்டும் மிச்சம். கூமுட்டை என்று எடுத்து எறியப்போன பெரியம்மா, காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். உள்ளே தட்டும் சத்தம். ஓட்டில் மிளகளவு விரிசல். இரவு பெட்டை கூட்டிலேயே படுத்தது. விடிந்ததும் நடக்கத் தெரிந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டன. கூட்டில் ஓடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில், ஈரம் காயாமல், கழுத்தைத் தூக்க முடியாமல் ஒரு குஞ்சு.

துணியில் சுற்றி உலர்த்தி, தலை நின்றதும் கொண்டுபோய் விட்டோம். பெட்டை கழுத்தை நீட்டிச் சீறியது. ஆண் ஓடி வந்து அலகால் கவ்வித் தூக்கி எறிந்தது. மறுபடி விட்டால் உயிர் தங்காது என்று தெரிந்துவிட்டது. எனக்கு அந்த வாத்துகள்மேல் வந்த கோபத்தைப் பெரியம்மா ஏற்கவில்லை. “அதும்மேல தப்புச் சொல்லக் கூடாது கண்ணு. கையில இருக்கிற எட்டையும் பட்டினி போட்டுட்டு ஒண்ணுக்காக உக்காந்திருந்தா, எட்டும் போயிரும்” என்றார்.

அவர் சொன்னது வெறும் சமாதானம் இல்லை. பெரிய வாத்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற மாதிரி முட்டையிடும். எல்லாம் இட்டு முடிக்கும் தறுவாயில்தான் முழு அடையில் உட்காரும். முதலில் இட்டதும் கடைசியில் இட்டதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பொரிப்பதற்கு அதுதான் காரணம். ஓரத்தில் உருண்டு சூடு குறைந்த முட்டை பின்தங்கிவிடும். பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும், தாய் மெல்லப் பதில் சொல்லும். வெளியே வந்தபிறகு ஒருவரை ஒருவர் பார்த்தும் கேட்டும் பழகுவது முதல் சில மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடும். அந்த நேரத்தில் இல்லாத குஞ்சு, அவர்கள் கண்ணுக்கு யாரோ வீட்டுக் குஞ்சு. யாரோ வீட்டுக் குஞ்சை விரட்டுவது காவல் நிற்கிற ஆணின் வேலை. கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் கட்டுக்கதை. கை வாடையால் கெட்டதில்லை அது. நேரம் தப்பியதால் கெட்டது.

குஞ்சு வீட்டுக்குள் வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பால் ஊற்று, சோறு மசித்துப் போடு, ரொட்டியை நனைத்துக் கொடு. இது எதுவும் வேண்டாம். ஓட்டை விட்டு வருமுன் மஞ்சள் கருவில் மிச்சமிருப்பதைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு நாள் அளவுக்கு அந்தக் கட்டுச்சோறு தாங்கும். ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவது அதனால்தான். முதலில் வேண்டியது சூடு.

முதல் வாரம் 32 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்று தொங்கவிட்டால் போதும் என்பது பழைய வழி. அந்தப் பல்புக்கு நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. எல்லாக் கடையிலும் எல்.இ.டி.தான். “வெளிச்சம் நல்லா வரும் சார், சூடே ஆகாது” என்று கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு வேண்டியதோ அந்தச் சூடுதான். கரண்டைச் சூடாக்கி வீணடிக்கிறது என்று நாம் ஒதுக்கிய பழைய பல்பு, கடைசியில் ஒரு மளிகைக் கடையின் மேல் பலகையில் தூசியோடு கிடைத்தது.

பல்பைப் பெட்டியின் ஒரு மூலையில்தான் தொங்கவிட வேண்டும். சூடு வேண்டுமானால் குஞ்சு கிட்டே வரும், போதுமானால் தள்ளிப் போகும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியிலேயே ஒண்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. எதிர்மூலைக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சுடுகிறது. நடுவில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் சரி. கரண்ட் போன இரவுகளில் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய வேட்டியில் சுற்றி உள்ளே வைத்தோம்.

பெட்டிக்குள் செய்தித்தாள் விரிப்பதுதான் எல்லோருக்கும் கைவந்த வழக்கம். வாத்துக் குஞ்சுக்கு அது ஆகாது. வழுக்கும் தரையில் கால் இரண்டும் பக்கவாட்டில் விலகிப்போய், அப்படியே நின்றுவிடும். பழைய சாக்கைத் துவைத்துக் காயவைத்துப் போட்டால் நகம் பிடித்து நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் கவனம் வேண்டும். அலகும் மூக்குத் துளையும் முங்குகிற ஆழம் இருந்தால்தான் மூக்கில் ஒட்டிய தீனியைக் கழுவிக்கொள்ளும். அதற்காக அகலப் பாத்திரம் வைத்தால் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும். வாத்துக் குஞ்சுதானே, நீந்தட்டும் என்று விடக் கூடாது. தாயின் இறகுக்கடியில் புகுந்து எழுகிற குஞ்சுக்கு அந்த எண்ணெய்ப் பசையும் வெதுவெதுப்பும் கிடைக்கும். தனிக் குஞ்சு நனைந்தால் நனைந்ததுதான், குளிரில் விறைத்துவிடும். கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு, அலகு மட்டும் போகிற மாதிரி வைப்பது நல்லது.

தீனிக்குக் கோழிக்குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீரில் நனைத்து வைத்தோம். தீவனக் கடையில் மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமின், கோழிக்குஞ்சுக்கு வேண்டியதைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு தேவை. அது குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு கலந்தோம். மூன்றாம் நாளே அருகம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போட்டபோது, தீவனத்தை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுத்தது. இது புல் மேய்கிற இனம். புல்லுக்குப் போனால் செரிக்கக் கொஞ்சம் ஆற்று மணலும் வேண்டும்.

இத்தனையும் கொடுத்த பிறகும் அது கத்தியது. பசியில்லை, குளிரில்லை. பெட்டிக்குமேல் முகம் தெரிந்தால் நிறுத்திவிடும். தலை மறைந்தால் தொடங்கிவிடும். கையை உள்ளே நீட்டினால் விரலிடுக்கில் அலகைச் செருகிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே விட்டுவிட்டு ஒரு சின்ன முணுமுணுப்பு. அப்படியே கண்ணை மூடும். கையை எடுத்த கணம் விழித்துக்கொள்ளும். இரவு கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, கத்தும்போதெல்லாம் தூக்கக் கலக்கத்தில் பதிலுக்கு ஒரு ‘ம்’ சொல்வது என் வேலையாயிற்று. அந்த ஒரு ‘ம்’ போதும், அடங்கிவிடும்.

இதே பாட்டை எனக்கு முன் பட்டவர் ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ். வியன்னாவுக்கு அருகே ஆல்டன்பெர்க்கில் சாம்பல் வாத்துகளை வளர்த்தவர். பொரித்த குஞ்சு முதலில் பார்க்கிற, அசைகிற, குரல் கொடுக்கிற எதையும் தாயென்று மனத்தில் பதித்துக்கொள்ளும், அந்தப் பதிவு எளிதில் அழியாது என்று 1935-இல் விரிவாக எழுதினார். மார்ட்டினா என்று பெயரிட்ட குஞ்சை வீட்டு வாத்தின் வயிற்றுக்கடியில் செருகிவிட்டுத் திரும்பினால், அது கத்திக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது. படுக்கையறையில் வைத்து இரவெல்லாம் பதில் குரல் கொடுத்துத்தான் அதை வளர்த்தார். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1988-இல் அவர் வெளியிட்ட வாத்து நூலின் பெயரே, ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே இருக்கிறாய்?’ என்பதுதான். குஞ்சு இரவில் கேட்பதும் அந்த ஒரே கேள்விதான்.

நம் பின்னால் ஒரு குஞ்சு தத்தித் தத்தி வருவதைவிட மனத்துக்கு இனிமையானது குறைவு. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதை வீடியோ எடுத்தார்கள். அந்த இனிமைதான் குஞ்சுக்குக் கெடுதல். ஆளைத் தாயாக நினைத்துத் தனியே வளர்ந்த வாத்து, பெரிதானபின் தன் இனத்தோடு ஒட்டாது. ஆண் வாத்தானால் ஆளையே போட்டியாக நினைத்துக் கொத்த வரும். அமெரிக்காவில் அருகிவரும் பெருங்கொக்குகளின் குஞ்சுகளை வளர்ப்பவர்கள் வெள்ளை அங்கியால் உடலை மூடி, கையில் கொக்குத் தலைப் பொம்மையை மாட்டிக்கொண்டுதான் தீனி கொடுக்கிறார்கள். மனித முகம் மனத்தில் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக அத்தனை பாடு.

பெரியம்மாவுக்கு லோரன்ஸ் யாரென்று தெரியாது. ஆனால், “உன் பின்னால சுத்த விடாதே. துணைக்கு ஒண்ணு வாங்கியா” என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊரில் இது பழைய அறிவு. நாட்டு வாத்துக்கு அடையில் உட்காரும் பொறுமை குறைவு. அதனால் அதன் முட்டையை அடைக்கோழிக்கு வைத்துப் பொரிக்கச் செய்வது காலங்காலமாக நடக்கிறது. தண்ணீரைக் கண்டதும் குஞ்சுகள் இறங்கிவிட, கரையில் கோழி பதறிக்கொண்டு ஓடுவதைப் பார்க்காத கிராமத்துப் பிள்ளை உண்டா? பெற்றது யாரானாலும், கூடப் பிறந்தவை நாலு சுற்றியிருந்தால் வாத்து வாத்தாகவே வளர்ந்துவிடும்.

வாரச் சந்தையில் அதே வயதுக் கூஸ் குஞ்சு இரண்டு வாங்கி வந்து பெட்டியில் விட்டோம். ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்துப் படுத்தன. அன்று இரவு யாரும் யாருக்கும் ‘ம்’ சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளில் இறகு முளைத்ததும் பகலில் தோப்பில் கம்பி வலைக்குள் விட்டோம். வலைக்கு வெளியே பெரிய ஜோடி, உள்ளே இவை. முதலில் சீறிய பெரிசுகள் நாள்போக்கில் வலையோரமாகவே மேயத் தொடங்கின. வலையை எடுத்தபோது சண்டை வரவில்லை. தொட்டிக்கு எல்லாம் ஒரே வரிசையாகப் போயின. என் குஞ்சு எது என்று இப்போது என்னால் அடையாளம் சொல்ல முடியாது. அதற்கும் என்னைத் தெரிவதில்லை. மற்றவற்றோடு சேர்ந்து என்னைப் பார்த்தும் கத்துகிறது. தபால்காரருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் எனக்கும்.

வளர்ப்பது என்றால் கடைசியில் இதுதான். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பால்பாண்டி என்பவர், கூட்டிலிருந்து விழுந்த பறவைக் குஞ்சுகளைப் பொறுக்கியெடுத்து, மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டவர்.

உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் இப்படி ஒரு குஞ்சு ஒதுங்கி நிற்கலாம். உலர்த்துங்கள், சூடு கொடுங்கள், பிறகு தண்ணீர், அதன்பிறகு தீனி. முதல் இரவிலேயே, இருட்டில், தாயின் சிறகுக்கடியில் செருகிப் பாருங்கள். சில தாய்கள் ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிட்டால் அந்த வாரமே அதன் இனத்தில் ஒரு துணை தேடுங்கள். காட்டுப் பறவையின் குஞ்சானால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை வீட்டில் வைத்துக்கொள்ள விடாது. பெரிய வாத்து 20 ஆண்டுவரை இருக்கக்கூடிய உயிர். அதில் நம் உதவி வேண்டியிருப்பது முதல் சில வாரங்களுக்குத்தான்.