புள்ளிக்கு ஒரு சண்டை

அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று கம்பெனிகள் நிறைந்த ஓசூரில் யூனிஃபார்முக்குப் பஞ்சமில்லை. சட்டைப் பையில் லோகோ, பள்ளிக்கூட முத்திரை, கல்யாண ஜாக்கெட்டில் பெயர் எல்லாமே கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிதான். பெயரை ஒருவர் தமிழில் கேட்பார், அடுத்தவர் தெலுங்கில், இன்னொருவர் கன்னடத்தில். எல்லை ஊரல்லவா!

டிசைன் திருத்துவதைப் பலர் போட்டோவைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது மாதிரி நினைக்கிறார்கள். திரையில் தெரிவது படம். மெஷினுக்குப் போவதோ ஊசியின் வழித்தடம். கடைகளில் அதிகம் புழங்கும் டிஎஸ்டி கோப்பு, துளையிட்ட காகித நாடாக் காலத்தின் வாரிசு. ஜப்பானின் தஜிமா மெஷின்களோடு வந்தது. ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட். ஊசி நகரும் தூரத்தை 0.1 மி.மீ. அலகில் 1, 3, 9, 27, 81 ஆகியவற்றைக் கூட்டியும் கழித்தும் குறிக்கிறது. மொத்தம் 121, ஆகவே ஒரே நகர்வில் எந்தப் பக்கமும் 12.1 மி.மீ.க்கு மேல் போகாது. நிறமும் அதற்குத் தெரியாது, நூல் மாற்ற நிற்க மட்டும் தெரியும். கிளி பச்சையா சிவப்பா என்பது மெஷின் முன் நிற்பவர் பாடு.

"இதையே பாதி சைஸ்ல போட்டுக் குடுங்கண்ணா" என்பார்கள். டிஎஸ்டியை அப்படியே பாதியாக்கினால் தையல் எண்ணிக்கை குறையாது. 0.4 மி.மீ. இடைவெளி 0.2 ஆகி, ஊசி குத்திய இடத்திலேயே குத்தும். நூல் அறும், துணி சுருங்கும். வில்காம் மென்பொருளின் இஎம்பி மாதிரி மூலக் கோப்பில் உருவம் உருவமாகவே இருப்பதால், அளவை மாற்றினால் தையலும் புதிதாகக் கணக்கிடப்படும். பென்டிரைவில் கட்டுக்கட்டாக விற்கும் டிசைன்களை நான் மதிக்காததற்குக் காரணம் இதுதான்: மூலம் இல்லாத டிஎஸ்டிகளே அதிகம்.

உண்மையான சோதனை எழுத்தில். 5 மி.மீ. உயர எழுத்தில் புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வழக்கமான 75ஆம் நம்பர் ஊசியின் தடிமனே 0.75 மி.மீ. ஃபாண்டில் இருக்கிறபடி விட்டால் துணியில் விழுவது புள்ளி இல்லை, ஓட்டை. புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்று மேலே தூக்கி, அதன் அடித்தையலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முருகன் 'முருகன' ஆகிவிடுவார். 'ண'வின் சுழிகள் நூல் தடிமனில் அடைத்துக்கொள்ளும். அவற்றையும் விரிக்க வேண்டும். கன்னடத்தில் எழுத்துக்குக் கீழே தொங்கும் ஒத்தக்ஷரம் இன்னும் பொடிசு. அதற்கும் இதே வைத்தியம்தான். எழுத்திலிருந்து புள்ளிக்குத் தாவும் நூலை மெஷின் வெட்டாவிட்டால், கத்தரிக்கோலோடு ஒருவர் உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் ஜாப்வொர்க் கூலி பெரும்பாலும் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. அரைநாள் உட்கார்ந்து வேண்டாத தையலைக் களைந்து டிசைனைச் சுத்தமாக்கினால், பில் தொகையும் அந்த அளவுக்கு இறங்கும்.