வாடகை வீடும் வாப்பாவின் வளவும்

கொழும்பு தெமட்டகொடையில் பதினொரு வருடங்கள் வாடகைக்கு இருந்தேன். மேல்மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சிறிய குசினியும். 2022ஆம் ஆண்டு நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, வீட்டுக்காரர் 25,000 ரூபா வாடகையை 40,000 ஆக்கி, ஒரு வருட முற்பணமும் கேட்டார். மத்ரஸாவில் என் சம்பளமோ 45,000. மாலையில் வீடு வீடாகச் சென்று குர்ஆன் ஓதிக் கொடுத்து வருவதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அன்றிரவு மனைவி கேட்டார்: “இவ்வளவு காசையும் அடுத்தவங்கட வீட்டுக்குக் கொட்டுறதுக்கு, வாப்பாட வளவுல ஒரு அறையாவது கட்ட ஏலாதா?”

வாப்பாவின் வளவு சிலாவத்துறையில், மன்னார்க் கரையில் அரிப்புக்குத் தெற்கே இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. உம்மாவின் கையைப் பிடித்தபடி கல்பிட்டிக்குப் படகேறினேன். புத்தளத்தில் ஓலைக் குடிசையில் வளர்ந்து, அறபுக் கல்லூரியில் ஓதி மௌலவியாகிக் கொழும்புக்குப் போனேன். 2009இல் யுத்தம் முடிந்து ஊரவர்கள் திரும்பத் தொடங்கியபோதும் நான் திரும்பவில்லை. “காட்டுக்குள் போய் எதைத் தின்பது?” என்பதே என் பேச்சாக இருந்தது.

ஒரு காலத்தில் செல்வம் தேடி உலகமே அந்தக் கரைக்கு வந்தது என்பதை நான் மறந்திருந்தேன். முத்துக்குளிப்புக் காலத்தில் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் முஸ்லிம்கள் வந்து கூடுவார்கள். வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும். பிரிட்டிஷ் ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் ஒரு மாளிகையே கட்டினார். ஊரவர் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். 1906இல் ஒரு கம்பனி முத்துப் படுக்கைகளைக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடங்களிலேயே சிப்பி கிடைக்காமல் நட்டப்பட்டுப் போனது. இன்று அந்த மாளிகையின் எஞ்சிய சுவர்களையும் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. ரிஸ்க் இந்த ஊரில்தான், அந்த ஊரில்தான் என்று மனிதன் கட்டி வைப்பதெல்லாம் இவ்வளவுதான்.

2023இல் மனைவியின் நகையை விற்று, கல் அடுக்கி, தகரம் போட்டு இரண்டு அறைகள் கட்டினோம். வளவின் எல்லை எனக்குத் தெரியவில்லை; பற்றை மூடிக் கிடந்தது. அரிப்பிலிருந்து வந்த கத்தோலிக்க முதியவர் ஒருவர்தான், “உங்கட வாப்பா நட்ட வேம்பு இது தம்பி, இதிலயிருந்து கிணறு மட்டும் உங்கட” என்று காட்டித் தந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் அந்த எல்லை அவருடைய நினைவில் அமானிதமாக இருந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது இங்குள்ள மத்ரஸாவில் சம்பளம் 28,000. வாடகை இல்லை. கரைவலை இழுக்கும் நேரம் போனால் மீன் மலிவு. அகத்திமுறிப்புக் குளத்து நீரில் விளைந்த நெல்லை மச்சான் அளந்து தருகிறார். கிணற்றுத் தண்ணீர் சவர். குடிக்கத் தண்ணீர் வாங்க வேண்டும். அவசரமான நோய் என்றால் மன்னாருக்கு ஓட வேண்டும். ஆனாலும் மாதக் கடைசியில் கடன் கேட்டு யார் வாசலிலும் நான் நிற்பதில்லை. அச்சமற்ற வீடு, உடல் சுகம், அன்றைய உணவு, இம்மூன்றும் உள்ளவர் உலகத்தையே பெற்றவர் போன்றவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எத்தனையோ பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுத்திருக்கிறேன். இங்கே வந்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

இத்தோடு முடித்தால் என் கணக்கு பொய்க் கணக்காகிவிடும். மூத்த மகள் அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்தாள். விஞ்ஞானப் பிரிவில் படிக்க ஆசை. சாமான்களைக் கட்டும்போது, “வாப்பா, அங்க பௌதிகம் படிப்பிக்க சேர் இருக்கிறாரா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்று அவள் புத்தளத்தில் என் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். போகும்போது அழமாட்டாள், உம்மா அழுவார் என்பதற்காக.

வாடகை, மீன், அரிசி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்த நான், அவளுடைய பிரிவை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அதைவிடப் பெரிய தவறு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காததுதான். மஷூரா செய்யும்படி அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிட்டான். நானோ மஷூராவைப் பற்றி மிம்பரில் பேசிவிட்டு, வீட்டில் முடிவை மட்டும் அறிவித்தேன். சென்ற மாதம் அவளிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். “கேட்டிருந்தாலும் வாங்க போவம் எண்டுதான் வாப்பா சொல்லியிருப்பன். ஆனா கேட்டிருக்கலாம்” என்றாள்.

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் வாடகைக்காகவே உழைத்துத் தேயும் சகோதரர்களே! சொந்த மண்ணில் ஒரு துண்டு வளவு இருந்தால் அதைப் பற்றியும் யோசியுங்கள். ஆனால் யோசிக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் முடிவுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.