மழலையுடன் காஷ்மீரம்

பாலக்காட்டில் ஹிம்சாகர் விரைவு வண்டி ஏறி, மூன்று இரவுகள் கழித்துக் கட்ராவில் இறங்கினோம். 2025 ஜூனில் திறக்கப்பெற்ற இருப்புப்பாதையில், ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து ஸ்ரீநகர் அடைந்தோம்.

டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் அங்கே ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்க் காலம். மூணாற்று உறைபனி கண்ட நமக்கும் அது புதிதே. எங்கள் மூன்று வயது மகளின் பாதங்கள் விறைத்தன. விடுதி மூதாட்டியார் ஈரக் காலுறையைக் கழற்றி, துடைத்து, அப்பாதங்களைத் தம் உள்ளங்கைகளில் பொதிந்துகொண்டார். அழுகை ஓய்ந்தது. ‘காங்கிரி’ என்னும் கரிநெருப்புச் சட்டியையோ, உறங்குமுன் வெளியே எடுத்துச் சென்றார்.

மூடிய அறையில் கரிநெருப்பின் நச்சுக்காற்று நிறமும் மணமும் இன்றியே உயிரைக் குடிக்கும். குழந்தைகளுடன் வடக்கே செல்லும் அன்பர்கள், கம்பளியோடு இதனையும் மனத்தில் கொண்டு செல்வார்களாக.