கூரை ஓரத்துல ஒரு வெளிச்சம்

இன்னிக்கு கொஞ்சம் தொழில் விஷயம் மக்களே, பொறுத்துக்கோங்க. புனேயில நான் என்ன வேலை பார்க்கறேன்னு ஊர்ல கேட்டா, "கம்ப்யூட்டர்ல வீடு கட்டறான்"னு சொல்லி வெச்சிருக்காங்க. பெரிய தப்பில்லை. இன்னும் கட்டாத ஃபிளாட்டோட உள் அறைகளைப் படமா செஞ்சு கொடுக்கறேன். அதைப் பார்த்துட்டுதான் நம்ம ஜனம் முன்பணம் கட்டுது.

இதுல ஒரு தீராத தலைவலி, லைட் லீக். சுவரும் கூரையும் சேர்ற இடத்துல, ஜன்னலும் விளக்கும் இல்லாமலே ஒரு வெள்ளைத் தீற்றல் தெரியும். காரணம் ரெண்டு. ஒண்ணு, நிஜமான இடைவெளி. சுவர் மேலே கூரையை விளிம்போட விளிம்பா வெச்சிருப்பாங்க, ஒரு நூல் விலகினாலும் வெயில் உள்ளே வந்துடும். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீட்டி இருக்கணும். ரெண்டாவது கொஞ்சம் சூட்சுமம். வீ-ரேயோட இரேடியன்ஸ் மேப் மாதிரி முறைகள் எல்லாப் புள்ளிக்கும் கணக்குப் போடாது. அங்கங்கே போட்டுட்டு நடுவுல சராசரியா நிரப்பிடும். சுவர் காகிதம் மாதிரி இருந்தா, வெளியே வெயில்ல இருக்கற புள்ளியும் இந்தக் கணக்குல கலந்துடும். சைட்ல 230 மில்லிமீட்டர் சுவர்னா ஃபைல்லயும் அதே கனம் கொடுக்கணும். 2022-ல வந்த அன்ரியல் எஞ்சின் 5-லகூட சுவர் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாதுன்னுதான் சொல்றாங்க. அதை விட்டுட்டு சாம்பிளை ஏத்திக்கிட்டே போனா ராத்திரி முழுக்க மெஷின் ஓடும், அவ்வளவுதான் :)

கண்டுபிடிக்க எங்க பாட்டி வழிதான். ஓட்டு வீட்டுல மழைக்காலத்துக்கு முன்னாடி பட்டப்பகல்ல கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திட்டு அண்ணாந்து பார்ப்பாங்க. எங்கே வெளிச்சப் பொட்டு தெரியுதோ, அங்கே ஓடு விலகியிருக்கு. நானும் அறை விளக்கை அணைச்சு, ஜன்னலைக் கனமான பெட்டியால அடைச்சு, வெயிலை மட்டும் விட்டு ரெண்டர் போடுவேன். படம் கும்மிருட்டா வரணும். வரலைன்னா ஓட்டை.

போன வருஷம் ஒருத்தர் பாதியில விட்ட ஃபைல் எங்கிட்ட வந்தது. ரெண்டாவது படுக்கையறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் டக்ட் பக்கம். கூரை ஓரம் முழுக்க லீக். அடைச்சதும் அறை மங்கிப்போச்சு. அதான் அதோட நிஜம். பில்டரோட விற்பனை ஆளுக்கு முகம் சுருங்கிடுச்சு. "அந்த கோவ் லைட் எங்கே சார்? அழகா இருந்ததே!" அது லைட் இல்லைங்க, ஓட்டைன்னேன். "இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போகுது?"

நம்ம வீடுகள்ல அந்த ரெண்டாவது அறை யாருக்கு? ஊர்லேர்ந்து வர்ற அப்பா அம்மாவுக்கு. கண் மங்கின மனுஷங்க பகல்லயே சுவரைத் தடவிக்கிட்டு நடக்கணும். விளம்பரத்துல தப்பான தகவல் கொடுத்து வாங்கினவருக்கு நஷ்டம் வந்தா ஈடு கட்டணும்னு 2016 ரெரா சட்டம் 12-ம் பிரிவு சொல்லுதுன்னு ஞாபகப்படுத்தினேன். வேணும்னா நிஜமாவே கோவ் லைட் போடுங்க, படத்துலயும் வைக்கறேன்னேன். செலவு விசாரிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு, வேண்டாம்னு பதில். கட்டில் பக்கத்துல ஒரு டேபிள் லாம்ப் வெச்சு, அதே மங்கலோட படம் போச்சு.

நீங்க ஃபிளாட் பார்க்கப் போனா பக்கத்துலயே பிளானையும் விரிச்சு வெச்சுக்கோங்க. படத்துல வெளிச்சம் வர்ற பக்கம் பிளான்ல ஜன்னல் இருக்கா, அது வானத்தைப் பார்க்குதா, டக்ட்டைப் பார்க்குதா?