கரும்பலகையில் காணாமல் போன 500 ரூபாய்

நான் பி.காம். மாணவன். ஆப்ஜெக்ட், த்ரெட் என்றெல்லாம் எழுதினால் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள் :-)

எங்கள் துறை விழாவுக்குப் பணப்பெட்டி ஒன்று, பொறுப்பாளர்கள் இரண்டு பேர்: நானும் என் நண்பனும். கையிருப்பைக் கரும்பலகையில் எழுதி வைப்போம். அன்று காலை 4,200. இருவருமே பார்த்துக்கொண்டோம். நான் பந்தல்காரருக்கு 500 கொடுத்துவிட்டு 3,700 என்று மாற்றினேன். அவன் டீக்கடைக்கு 300 கொடுத்துவிட்டு வந்தான். அவன் மனதில் இருந்தது காலையில் பார்த்த 4,200 தான். அதில் கழித்து, பலகையை அழித்து, 3,900 என்று எழுதிவிட்டான். மாலையில் எண்ணினால் பெட்டியில் 3,400!

கடைசியாக எழுதியது அவன். "எடுத்தியாடா?" என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால்.

பில்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது... யாரும் எடுக்கவில்லை. நான் கழித்த 500-ஐ அவன் எழுதிய எண் விழுங்கிவிட்டது. கணினிக்காரர்கள் இதை ரேஸ் கண்டிஷன் என்கிறார்கள்: ஒரே தகவலை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொட்டு மாற்றுவதால் வரும் வினை.

எங்களுக்குப் போனது மானம். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில் போனது உயிர். 1986-ல் டெக்சாஸில், டைலர் நகர மருத்துவமனை ஒன்றில், எக்ஸ்ரே என்று தவறாகத் தட்டிய ஆபரேட்டர் சட்டென்று எலக்ட்ரான் என்று திருத்தினார். காந்தங்கள் தயாராக சுமார் 8 விநாடி ஆகும். அதற்குள் திருத்தியதால் மென்பொருளின் ஒரு பகுதிக்கு அந்தத் திருத்தம் தெரியவே இல்லை. நிதானமாகத் தட்டினால் இந்தப் பிழை வராது. கை பழகி வேகம் வந்தால்தான் வரும்! அங்கே மட்டும் இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். பழைய தெராக்-20-லும் இதே பிழை உண்டு. ஆனால் அதில் ஃபியூஸ் போய் இயந்திரம் நின்றுவிடும். மென்பொருளை நம்பி, புதியதில் அந்தத் தனிப் பாதுகாப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆப்ஜெக்ட் முறையில் வடிவமைப்பவர்கள் சொல்லும் வழி, நம் காசாளர் கூண்டுதான். தொகையை ஒரு ஆப்ஜெக்டுக்குள் பூட்டிவிடு. வெளியிலிருந்து யாரும் கைவிடக் கூடாது, வவுச்சரை நீட்ட வேண்டும். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர். 1974-ல் டோனி ஹோர் எழுதிய 'மானிட்டர்' கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான். ரியல் டைம் என்றால் இன்னொரு நிபந்தனையும் சேரும்: வரிசை குறித்த நேரத்துக்குள் நகர வேண்டும். அங்கே தாமதமாக வரும் சரியான விடையும் தப்பு விடைதான்.

இரட்டைப் பதிவு முறை படிக்கும் நாங்கள் கரும்பலகையை நம்பினோம் பாருங்கள்!

இந்த வருடம் பலகை கிடையாது, வவுச்சர் புத்தகம்தான். பெட்டிச் சாவி ஒருவனிடம் மட்டும். அவனிடம். மன்னிப்புக் கேட்டபோது "விடு மச்சி" என்றான். ஆனால் அன்று அதைக் கேட்ட நாலு பேரையும் தனித்தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.