கழற்றும் முன் கோடு போடு

நல்லம்பள்ளி,
9.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

 

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு ஓடும் பிக்கப்புக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, புது கிராஸ் ஜாயின்ட் போட்டு மாட்டினாய். அதன்பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி அதிர்கிறது, ஏன் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில், ஷாஃப்ட்டில் பல்லோடு வழுக்கி ஏறும் ஸ்லிப் யோக்கைப் பார். உருவியதைத் திரும்ப ஏற்றும்போது ஒரு பல் தள்ளி ஏறினாலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சாய்வில் சுற்றும் கிராஸ் ஜாயின்ட், தனக்கு வரும் சுற்றை அப்படியே சீராகக் கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அடுத்த ஜாயின்ட் அதே அளவு சாய்வில், சரியான வரிசையில் நின்றால்தான் அந்த ஏற்ற இறக்கம் ஈடாகும். வரிசை தப்பினால் உலுக்கல் அப்படியே பின் ஆக்சிலின் பின்னியனுக்குப் போகும். ஷாஃப்ட் குழாயிலும் யோக்கிலும் பெரும்பாலும் அம்புக்குறி வெட்டியிருக்கும். துடைத்துப் பார்த்து இரண்டையும் நேராக்கு. சென்டர் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். அங்கே உன் கணக்கு வேண்டாம், வந்தபடியே மாட்டு.

அடுத்தது பேலன்ஸ். குழாயில் ஒட்டியிருக்கும் சின்னத் தகடுகள்தான் எடைக்கட்டு. ஒன்று விழுந்திருந்தால் அந்த இடத்தில் வெல்டிங் தடம் மட்டும் இருக்கும். 10 கிராம்தானே என்று விடாதே. நடுமையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் 10 கிராம், நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஒரு கிலோ பலத்தோடு இழுக்கும். 3000 சுற்றில் அதே 10 கிராம் நாலு கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. அந்த இழுப்புதான் சென்டர் பேரிங்கையும் கியர்பாக்ஸ் சீலையும் தின்கிறது. குழாய் நசுங்கியிருந்தாலோ, டயல் கேஜில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினாலோ சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதே. பேலன்சிங் மெஷின் உள்ள பட்டறைக்கு அனுப்பு.

எது கோளாறு என்று பிரிக்க வழி இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், அதிரும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பார். அதிர்வு மாறாமல் இருந்தால் பேலன்ஸைச் சந்தேகப்படு. பாரம் ஏற்றிக் கிளப்பும்போது மட்டும் உதறினால் சாய்வைச் சந்தேகப்படு. நம் பக்கத்து வண்டிகளில் இந்த இரண்டாவதுதான் அதிகம், ஏனென்றால் தக்காளிப் பெட்டி கூடுதலாக ஏற்றப் பின்னால் ஸ்பிரிங் பட்டை சேர்க்கிறார்கள். பின்பக்கம் உயர்ந்தால் பின்னியன் மூக்கின் சாய்வும் மாறிவிடும். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கோணம் காட்டும் ரசமட்டத்தை வைத்துச் சாய்வை அளந்து பார்.

மாட்டும்போது பிளேஞ்ச் முகத்தைத் துரு, பெயின்ட் இல்லாமல் சுத்தம் செய். அங்கே ஒரு துகள் சிக்கினாலும் ஷாஃப்ட் மையம் விலகி நிற்கும். அதற்கான போல்ட்டையே போடு, நட்டைப் புதிதாக மாற்று, எதிரெதிராக இறுக்கி டார்க் ரெஞ்சில் முடி. இன்னொன்று: ஷாஃப்ட் கழன்ற வண்டியை கியர் பிடிக்காது. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் படுக்காதே.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், உன் பட்டறையிலிருந்து போகும் வண்டிகள் தொப்பூர் கணவாயில் இறங்குகின்றன. தருமபுரியிலிருந்து சேலம் போகும் அந்த இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். நியூட்ரலில் இறங்காதே, சின்ன கியரில் போ என்று டிரைவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சின்ன கியரில் என்ஜின் வண்டியைப் பிடிப்பது இந்த ஷாஃப்ட் வழியாகத்தான். பாரத்தோடு இறங்கும்போது கிராஸ் உடைந்தால் அந்தப் பிடி ஒரே நொடியில் போய்விடும், மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். ஷாஃப்ட்டின் முன்பக்கம் கழன்று ரோட்டில் குத்தினால் அதைவிட மோசம்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பெயின்ட் எடு. பிளேஞ்ச், யோக், குழாய் என்று பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கோடு போட்டுவிட்டுக் கழற்று. பையன்களுக்கும் அதையே பழக்கு.

அந்த பிக்கப்பை இந்த வாரமே திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடு. இந்தத் தடவை கூலி வாங்காதே.

அன்புடன்,
மாமா