இரவல் கண்

பழைய புகைப்படங்களைச் செப்பனிடுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட என்னிடம், படத்தின் ஒரு பகுதியைப் பிரதி எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவதென்பது இரண்டு விசைகளை அமுக்கும் காரியந்தானே என்று யாராவது கேட்டால், நான் மறுத்துப் பேசுவதில்லை. பிரதி எடுக்கும் வரையில் அவர் சொல்வது சரிதான். சிரமமெல்லாம், அப்படி எடுத்து வந்த துண்டு, தான் இருந்த இடத்து வெளிச்சத்தையும் கோணத்தையும் கிரெயினையும் கூடவே சுமந்துகொண்டு வந்துவிடுவதில்தான் இருக்கிறது.

கல்யாணப் படமொன்றில் மணமகளின் ஒரு கண்ணைப் பூஞ்சை அரித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். நன்றாயிருக்கும் மற்றொரு கண்ணைச் செலக்ட் செய்து, ஓரத்துக்கு ஃபெதர் கொடுத்து, தனி லேயரில் இடம் வலமாகப் புரட்டி அமர்த்தினால் கண் கிடைத்துவிடும். ஆனால் கருவிழியில் ஸ்டூடியோ விளக்கு பதித்த வெள்ளைப் புள்ளியும் அதனோடு சேர்ந்து புரண்டுவிடும். இரண்டு விழிகளிலும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டிய அந்தப் புள்ளி, ஒன்றில் இடப்புறமும் மற்றொன்றில் வலப்புறமுமாக நின்றால், பார்ப்பவருக்குக் காரணம் விளங்காவிட்டாலும், அந்த முகம் தெரிந்தவரின் முகமாகத் தோன்றாது. ஆகையால் புள்ளியை முதலில் அழித்து, புரட்டிய பின் அதை உரிய பக்கத்தில் புதிதாக வைப்பதும், முகம் சற்றே திரும்பியிருந்தால் காமிராவுக்கு அப்பாலுள்ள கண்ணின் அகலத்தை மயிரிழை குறைப்பதும் அவசியமாகின்றன.

படத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் பிக்ஸல்கள் இடம் மாறுகின்றனவேயன்றி மதிப்பு மாறுவதில்லை. ஏழு டிகிரி திருப்பினாலோ, புதிய கட்டம் ஒவ்வொன்றும் பழைய கட்டங்களின் நடுவே விழுவதால், மென்பொருள் அக்கம்பக்கத்து மதிப்புகளை, பைக்யூபிக் முறையானால் பதினாறு பிக்ஸல்களை, கலந்து புதிதாக ஒன்றைக் கணிக்க வேண்டியிருக்கிறது. இமைமயிரின் கூர்மை அந்தக் கலப்பில்தான் கரைகிறது. சிறிது திருப்பி என்டர் தட்டி, பிறகு சுருக்கி மறுபடியும் என்டர் தட்டும் அவசரக்காரர்களின் வேலை குழைந்துபோவது இதனால்தான். திருப்புவதையும் சுருக்குவதையும் சாய்ப்பதையும் ஒரே டிரான்ஸ்ஃபார்முக்குள் முடித்துவிட வேண்டும். அல்லது, 2005-இல் ஃபோட்டோஷாப்பில் வந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் மூலத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.

குளோன் ஸ்டாம்ப் புள்ளிக்குப் புள்ளி அப்படியே பெயர்த்து வைப்பது. 2002-இல் ஃபோட்டோஷாப் ஏழாம் பதிப்பில் வந்த ஹீலிங் பிரஷ், இழைநயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தையும் வெளிச்சத்தையும் புது இடத்துக்கு இணங்க மாற்றுவது. கன்னத்துக்கு இதைவிட உத்தமமான கருவியில்லை. ஆனால் நெற்றியும் கூந்தலும் சந்திக்கும் எல்லையில் கூந்தலின் கறுப்பை நெற்றிக்கு இழுத்துவிடும் என்பதால், அங்கே பழைய ஸ்டாம்பையே கையிலெடுக்கிறேன். 2010-இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் சுவருக்கும் ஆகாயத்துக்கும் போதும். பட்டுச்சேலைக் கரையின் சரிகைக் கட்டங்களை அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை.

காலமான தகப்பனாரைக் குடும்பப் படத்தில் நிறுத்தித் தரும்படி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் நீட்டுவது, ஃபிளாஷ் வெளிச்சத்தில் நேர்முகமாக எடுத்த பாஸ்போர்ட் படத்தையே. மரநிழலில் நிற்கும் குடும்பத்தின் நடுவே அந்த முகத்தை என்னதான் மங்கவைத்தாலும் அது ஒட்டுவதில்லை. மேலிருந்து எடுத்த முகமானால், எவ்வளவு வளைத்தாலும் தாடையின் அடிப்பாகம் பிறக்கப் போவதுமில்லை. "ஐயா, அப்பாவை வெளியில் நிற்கவைத்து எடுத்த படம் ஏதேனும் வீட்டில் இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். கோயில் யாத்திரையில் யார் பின்னாலேயோ பாதி மறைந்து நிற்கும் படமொன்று அநேகமாக அகப்பட்டுவிடும். முகம் சிறிதாயிருந்தாலும், மூக்கின் நிழல் வேண்டிய பக்கம் விழுந்திருந்தால், அதையே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.